மார்கழிக் கச்சேரி, கேன்டீன், திருவையாறு: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளியூரிலிருந்து சென்னை இசை சீசனுக்கு வருகிறோம். பத்து நாள்தான் விடுப்பு. எந்தப் பத்து நாள்?

டிசம்பர் 18 முதல் 27 வரை. சீசன் என்பது இப்போது நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி பொங்கல் வரை நீள்கிறது. ஆனால் கச்சேரி நடத்தும் அமைப்புகளான பெரிய சபாக்களின் விழாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நடப்பது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி 1 வரைதான். மியூசிக் அகாடமியின் இசைவிழா டிசம்பர் 15-ஐ ஒட்டித் தொடங்கி, ஜனவரி 1 அன்று சங்கீத கலாநிதி விருது வழங்கும் சதஸுடன் முடியும். அதன் பிறகு ஜனவரி முதல் வாரத்தில் நாட்டிய விழா. டிசம்பர் முதல் பாதியில் வந்தால் கூட்டம் குறைவு, அறை வாடகையும் குறைவு. ஆனால் வடகிழக்குப் பருவமழை அப்போது முழுதாக ஓய்ந்திருக்காது. 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் டிசம்பர் முதல் வாரத்தில்தான் வந்தன.

மாலைக் கச்சேரிகளுக்காக மட்டும் வருகிறவர்கள் கிறிஸ்துமஸ் வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இளம் வித்வான்களைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு எந்த வாரமும் சரி.

ஒரு நாளைக்கு எத்தனை கச்சேரி கேட்கலாம்?

இரண்டு. காலையில் ஒரு கருத்தரங்கு சேர்த்தால் இரண்டரை.

காலை 9 மணி, பகல் 12, பிற்பகல் 2, மாலை 4, இரவு 7 என்று அட்டவணையில் ஐந்து கட்டம் இருக்கும். ஐந்தையும் நிரப்பத் தோன்றும். மூன்றாவது கச்சேரியில் காது கேட்கும், மனசு கேட்காது. காலையில் ஒருவர் பாடிய தோடி ராகமும் மாலையில் இன்னொருவர் பாடிய தோடியும் ஒன்றோடொன்று குழம்பி, இரண்டுமே நினைவில் நிற்காமல் போகும். பிற்பகல் 2 மணிக் கச்சேரி ஒன்று, இரவு 7 மணிக் கச்சேரி ஒன்று, நடுவில் டிபன், கொஞ்சம் நடை என்று வைத்துக்கொண்டால் இரவு படுக்கும்போதுகூட ஆலாபனை காதில் இருக்கும்.

இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. மூத்த வித்வானின் மாலைக் கச்சேரி இரண்டரை முதல் மூன்று மணி நேரம். பிற்பகல் கச்சேரி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். சபாவுக்குச் சபா மாற ஆட்டோவுக்கும் நெரிசலுக்குமாக முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கு மேல் போட்டவர்கள் ஏதாவது ஒன்றில் தொடக்கப் பாட்டான வர்ணத்தையோ முடிவுப் பாட்டான மங்களத்தையோ கேட்காமல் விட்டிருப்பார்கள்.

எந்தப் பகுதியில் தங்கினால் அலைச்சல் குறையும்?

மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, ராயப்பேட்டை. இந்த மூன்றுக்குள் தங்கினால் பாதி சபாக்களுக்கு நடந்தே போகலாம்.

டி.டி.கே. சாலையும் கதீட்ரல் சாலையும் சந்திக்கும் முனையில் மியூசிக் அகாடமி. அங்கிருந்து டி.டி.கே. சாலையிலேயே தெற்கே கால் மணி நேரம் நடந்தால் நாரத கான சபா. லஸ் பக்கம் ராகசுதா அரங்கம், முசிறி சுப்பிரமணியம் சாலையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், சுந்தரேஸ்வரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா. பறக்கும் ரயிலில் வந்தால் திருமயிலை நிலையத்தில் இறங்கலாம்.

தி. நகர் தனி வட்டாரம். ஜி.என். செட்டி சாலையில் வாணி மகால், மகாராஜபுரம் சந்தானம் சாலையில் கிருஷ்ண கான சபா. மாம்பலம் ரயில் நிலையம் பக்கம். ஆனால் நடுவில் ரங்கநாதன் தெரு இருக்கிறது. பண்டிகை நெருங்கும் மாலைகளில் அதைக் கடக்க வேண்டாம்.

தமிழிசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம் பாரிமுனைப் பக்கம், கலாக்ஷேத்ரா திருவான்மியூரில். இந்த இரண்டுக்கும் போகிற நாளில் வேறு சபா வைத்துக்கொள்ளாதீர்கள். விதி எளிது: ஒரு நாளுக்கு ஒரு வட்டாரம். மாலை 4 மணிக்கு கிருஷ்ண கான சபா, 7 மணிக்கு அகாடமி என்று திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் அண்ணா மேம்பாலத்தின் அடியில்தான் வர்ணம் கேட்பார்கள்.

மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் லஸ், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டைப் பகுதிகளில் போக்குவரத்தை மாற்றி விடுகிறார்கள். பழைய நினைவில் குறுக்குச் சந்துகளை நம்பி ஆட்டோக்காரரிடம் வழி சொல்லாதீர்கள். அவருக்கு இன்றைய நிலவரம் தெரியும்.

அகாடமியில் டிக்கெட் கிடைக்கவே கிடைக்காதாமே?

சீசன் முழுவதற்குமான டிக்கெட்டில் பெரும்பகுதி உறுப்பினர்களுக்கும் ஆண்டுதோறும் வாங்குகிறவர்களுக்கும் போய்விடும். அதில் புதிதாக நுழைவது கடினம். ஆனால் அன்றாட டிக்கெட் உண்டு. பெரிய பெயர் பாடும் நாளில் விடியற்காலையிலேயே வரிசை தொடங்கிவிடும். நடுத்தரக் கூட்டம் வரும் நாட்களில் கவுன்ட்டர் திறக்கும் நேரத்துக்குப் போனாலே போதும். இணையவழி விற்பனை உண்டா, எந்த நேரத்தில் திறக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், நவம்பர் கடைசியில் அந்தந்தச் சபாவின் அறிவிப்பைப் பாருங்கள்.

ஒரு நடைமுறை யோசனை. அதே வித்வான் அதே சீசனில் வேறு மூன்று நான்கு சபாக்களிலாவது பாடுவார். அகாடமியில் இடம் கிடைக்காவிட்டால் அவரைச் சிறிய அரங்கில் கேளுங்கள். ராகசுதா போன்ற சிறிய அரங்கில் ஒலிபெருக்கி அடக்கமாக இருக்கும், பாடகருக்கும் கேட்பவருக்கும் நடுவில் தூரம் இருக்காது. பலர் தங்கள் நல்ல பல்லவிகளை அங்கேதான் பாடுகிறார்கள் என்று சொன்னால் பெரிய சபாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

இலவசக் கச்சேரிகள் கேட்கத் தகுந்தவையா?

நிச்சயமாக. பகல் 12 மணியும் 2 மணியும் பெரும்பாலான சபாக்களில் இலவசம். பாடுகிறவர்கள் இளையவர்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தங்கள் முழுத் திறமையையும் காட்டியாக வேண்டும் என்பதால் தயாரிப்பு கச்சிதமாக இருக்கும். குறை ஒன்று உண்டு: வேகம். மெதுவாகப் பாட வேண்டிய விளம்பகால கிருதிக்கு (பாட்டுக்கு) பொறுமை இருக்காது, மேடையிலேயே கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரத்தில் தாளக் கணக்கு மிகுந்துவிடும்.

அகாடமியின் காலைக் கருத்தரங்குகளும் அனைவருக்கும் திறந்தவை. அந்த ஆண்டின் சங்கீத கலாநிதியாகத் தேர்வானவர் தலைமை தாங்குவார். அபூர்வ ராகம், பல்லவி, பழைய சுவடி, வாத்திய அமைப்பு என்று ஏதாவது ஒன்றை வித்வான்களே பாடியும் வாசித்தும் விளக்குவார்கள். ஒரு வாரம் தொடர்ந்து போனால் மாலைக் கச்சேரியைக் கேட்கும் காதே மாறும்.

அரங்கில் எங்கே உட்காருவது?

நடுப்பகுதி, மேடையிலிருந்து ஆறாவது வரிசைக்கும் பன்னிரண்டாவது வரிசைக்கும் நடுவில். முதல் மூன்று வரிசையில் பாடகர் முகம் நன்றாகத் தெரியும். ஆனால் ஒலிபெருக்கிச் சத்தம் தலைக்கு மேலே போய்விட்டு, மிருதங்கத்தின் நேரடி ஓசை தூக்கலாகக் கேட்கும். பக்கவாட்டு ஓரங்களில் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் வயலின் காதைக் கிழிக்கும். அகாடமியில் மாடிப் பகுதியின் நடு வரிசைகள் மோசமில்லை. விலை குறைவு, ஒலி கலந்து வரும்.

மிருதங்கம் பிடித்தவர்கள் பார்வையாளர் பக்கத்திலிருந்து இடப்புறம் உட்காரலாம். மிருதங்க வித்வான் பாடகரின் வலப்பக்கம் அமர்வது வழக்கம். அப்போதுதான் மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை சபையை நோக்கி இருக்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைப் பழக்கம் உள்ளவர். அவர் வாசித்தால் மிருதங்கமும் வயலினும் இடம் மாற வேண்டும், அதற்கு ஒப்பாத வயலின் வித்வான்களால் அவர் பல கச்சேரிகளை இழந்தார்.

பாதியில் எழுந்து போகலாமா? தனி ஆவர்த்தனத்தின்போதுதானே எல்லோரும் போகிறார்கள்?

போகிறார்கள், அதனால் அது சரியாகிவிடாது. மிருதங்க வித்வானுக்கு அந்தக் கச்சேரியில் முழுதாகக் கிடைக்கும் நேரம் அந்தப் பத்து இருபது நிமிடம்தான். எழுந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் நடக்கும்போது போங்கள். உள்ளே வருவதற்கும் அதே விதி.

தனி எங்கே முடியும் என்று தெரிந்தால் உட்காரப் பொறுமை வரும். முதலில் மிருதங்கம் தனியாக ஒரு சுற்று வாசிக்கும். பிறகு கடம் அல்லது கஞ்சிரா. அடுத்து இருவரும் மாறி மாறி. அந்த மாற்றம் வரவரக் குறுகி, ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று), அரை ஆவர்த்தனம் என்று வரும். அதன்பின் இருவரும் சேர்ந்து வாசிக்கும் இடத்தில், முடிவை அறிவிக்கும் மோஹரா தொடங்கும். அதை அடையாளம் கண்டுகொண்டால், இன்னும் ஓரிரு நிமிடத்தில் முடிவுச் சொற்கட்டான கோர்வை என்று பொருள். கோர்வை மூன்று முறை வரும். மூன்றாவது முறை முடிகிற இடத்தில் பாடகர் பாட்டின் அடியை எடுப்பார். அந்தச் சந்திப்பைக் கேட்பதற்காகவே உட்காரலாம், போண்டா எங்கும் ஓடிவிடாது.

தாளம் போடத் தெரியாது. பக்கத்தில் உள்ளவர்களைப் பார்த்தால் ஆளுக்கொரு மாதிரி போடுகிறார்கள்.

நான்கு தாளம் போதும், கச்சேரியின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

ஆதி: எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. இரண்டு களை என்றால் ஒவ்வொன்றையும் இருமுறை போட வேண்டும். ரூபகம்: நடைமுறையில் இரண்டு தட்டு, ஒரு வீச்சு. கண்ட சாபு: ஐந்து, இரண்டும் மூன்றுமாக. மிஸ்ர சாபு: ஏழு, 'தகிட தகதிமி' என்று சொல்லிப் பாருங்கள், மூன்றும் நான்குமாகப் பிரியும்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், பாட்டின் முதல் எழுத்தில் தட்டத் தொடங்குவதில். எல்லாப் பாட்டும் தாளத்தின் தொடக்கமான சமத்தில் எடுப்பதில்லை. பல கிருதிகள் தட்டு விழுந்து அரை எண்ணிக்கையோ அதற்கு மேலோ கழிந்த பிறகு தொடங்கும். நீங்கள் முதல் எழுத்தில் தட்டினால் கடைசி வரை அரை அடி பின்தங்கியே இருப்பீர்கள். முதல் வரி முழுதும் கையைக் கட்டிக்கொண்டு பாடகரின் கையைப் பாருங்கள். அவர் கை மறைந்திருந்தால் வயலின் வித்வானின் பார்வை போகும் திசையைப் பாருங்கள், அங்கே யாராவது தாளம் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டாவது முறை அந்த வரி வரும்போது சேர்ந்துகொள்ளலாம்.

தனியில் நடை மாறும்போது உங்கள் கை வேகம் மாறக் கூடாது. ஒரு தட்டுக்குள் நான்காக நடந்தது மூன்றாகவோ ஐந்தாகவோ நடக்கும், எட்டுத் தட்டு எட்டாகவே இருக்கும். இன்னொன்று: தொடையில் ஓசை வரத் தட்டாதீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் அதற்குக் காசு கொடுக்கவில்லை.

ராகம் கண்டுபிடிக்க என்ன வழி?

ஸ்வரம் பிரித்துப் பார்க்கும் வழி பாடத் தெரிந்தவர்களுக்கு. கேட்பவருக்கு எளிய வழி, ஒரு ராகத்துக்கு ஒரு பாட்டை மனதில் கட்டிப்போடுவது. பைரவிக்கு விரிபோணி வர்ணம், கல்யாணிக்கு நிதி சால சுகமா, காம்போஜிக்கு ஓ ரங்கசாயி, சங்கராபரணத்துக்கு ஸ்வர ராக சுதா, கரகரப்ரியாவுக்கு சக்கனி ராஜ. ஆலாபனை தொடங்கியதும் எந்தப் பாட்டு மனதில் ஓடுகிறதோ அதன் ராகத்தைச் சொல்லிப் பாருங்கள். பத்துக்கு ஆறு சரியாக வரும்.

கேன்டீனுக்கு எந்த நேரத்தில் போனால் நின்றுகொண்டு சாப்பிட வேண்டியதில்லை?

சீசன் கேன்டீனை நடத்துபவர்கள் கல்யாணச் சமையலில் பெயர் எடுத்தவர்கள். மவுன்ட்பேட்டன் மணி ஐயர் பெயரைச் சொன்னால் போதும், சபா எது என்று கேட்காமலே வருகிறவர்கள் உண்டு. டிக்கெட் இல்லாதவர்களும் கேன்டீனுக்கு மட்டும் வரலாம் என்பதால் கூட்டம் கச்சேரியைவிட அதிகமாக இருக்கும் நாட்கள் உண்டு.

மோசமான நேரம் மாலை 6 முதல் 6.45 வரை: 4 மணிக் கச்சேரி முடிந்தவர்களும் 7 மணிக் கச்சேரிக்கு வந்தவர்களும் ஒரே அடுப்பை முற்றுகையிடுவார்கள். நல்ல நேரம் பிற்பகல் 3.15 முதல் 3.45. அப்போதுதான் வாணலி சூடாகியிருக்கும், முதல் ஈடு வடை இறங்கும். இலைச் சாப்பாட்டுக்கு 11.30-க்கே போய்விடுங்கள். 1 மணிக்குப் போனால் கூட்டு தீர்ந்து, அவசரத்தில் ரசத்தில் தண்ணீர் ஏறியிருக்கும்.

டோக்கன் முறை இருந்தால் டிபனுக்கும் காபிக்கும் சேர்த்தே வாங்குங்கள். இல்லாவிட்டால் காபிக்காக இரண்டாவது முறை வரிசையில் நிற்க வேண்டும்.

என்ன வாங்கிச் சாப்பிடுவது?

எங்கும் கிடைப்பதை விட்டுவிடுங்கள். இட்லியும் சாதா தோசையும் ஊரெல்லாம் உண்டு. கேன்டீனில் கேட்க வேண்டியவை: அடை அவியல், சேவை, கீரை வடை, வாழைப்பூ வடை, பிடி கொழுக்கட்டை, வெண்பூசணியில் செய்யும் காசி அல்வா, அக்காரவடிசல். அன்றைய சிறப்பு என்ன என்று பலகையில் எழுதியிருப்பார்கள்.

அடையை அரை மணி நேரம் முன்னே வார்த்து அடுக்கியிருந்தால் வாங்காதீர்கள், ரப்பராகியிருக்கும். கல்லில் இருந்து நேராக வருவதற்குக் காத்திருங்கள். ரவா தோசை கூட்ட நேரத்தில் சரியாக வராது. மாவு நீர்க்க இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் நான்கைந்து நிமிடம் கல்லில் இருக்க வேண்டும், அந்தப் பொறுமை மாலை 6.30-க்கு யாருக்கும் இல்லை. காபியும் அப்படியே. கூட்டம் ஏறும்போது இரண்டாம் டிகாக்ஷன் கலந்துவிடுகிறது. முதல் டிகாக்ஷன் காபி வேண்டுமா, 3.30-க்கு வாருங்கள்.

கச்சேரிக்கு முன் எதைத் தவிர்க்க வேண்டும்?

இலைச் சாப்பாடு முடித்து நேராக 2 மணிக் கச்சேரிக்குப் போவதை. குளிரூட்டிய அரங்கு, மெல்லிய வெளிச்சம், தாலாட்டு ராகமான நீலாம்பரி. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. அன்று 2 மணிக் கச்சேரி முக்கியம் என்றால் பகலில் டிபனோடு நிறுத்திக்கொண்டு, சாப்பாட்டை இன்னொரு நாளுக்கு வையுங்கள்.

கையில் என்ன கொண்டுபோவது?

ஒரு சால்வை. வெளியே வியர்க்கும், உள்ளே நடுங்கும். மடக்குக் குடை டிசம்பர் 20 வரை பையில் இருக்கட்டும். இருமலுக்குச் சுக்கும் பனங்கற்கண்டும் ஒரு சின்ன டப்பியில். காகிதம் சுற்றிய மிட்டாய் வேண்டாம், ஆலாபனையில் தாரஸ்தாயி ஷட்ஜத்தில் (மேல் 'ஸ') பாடகர் நிற்கும்போது அந்தச் சரசரப்பு மூன்று வரிசைக்குக் கேட்கும். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். ஒலிப்பதிவுக்கும் படம் எடுப்பதற்கும் பெரும்பாலான சபாக்கள் அனுமதிப்பதில்லை. பாட்டின் பட்டியல் எழுத ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் காட்டும் திரையில் தட்டுவதைவிட அது பிறருக்கு இடைஞ்சல் குறைவு.

காலையில் கேட்க வேறு ஏதாவது உண்டா?

மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை. பல பாடல்கள் இயற்றிய பாபநாசம் சிவன் தொடங்கி வளர்த்தது. விடியற்காலையில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதிகளிலும் பாடிக்கொண்டே நடப்பார்கள். சேர்ந்து பாடலாம், டிக்கெட் கிடையாது. கோலங்களை மிதிக்காமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான். முடித்துவிட்டு மாட வீதியிலேயே பொங்கல், வடை, காபி. அன்று இரவு 7 மணிக் கச்சேரி ஒன்று போதும்.

திருவையாறு ஆராதனை ஒவ்வொரு ஆண்டும் வெவ்வேறு தேதியில் வருகிறதே, எப்படித் திட்டமிடுவது?

கர்நாடக இசை மேதை தியாகராஜரின் நினைவுநாள் விழாதான் இந்த ஆராதனை. அவர் 1847 ஜனவரி 6 அன்று மறைந்தார். ஆனால் ஆராதனை நடப்பது அந்தத் தேதியில் அல்ல, புஷ்ய பகுள பஞ்சமித் திதியில் (புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள்). அதனால்தான் 2024-ல் ஜனவரி 30, 2025-ல் ஜனவரி 18 என்று நகர்கிறது. முதலில் பஞ்சாங்கத்தில் திதியைப் பாருங்கள், பிறகு ரயில். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் அது 120 நாள். பழைய கணக்கில் காலண்டரில் குறித்து வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு இரவு ரயில் உழவன் எக்ஸ்பிரஸ். விடியற்காலையில் தஞ்சாவூர் சேர்ந்துவிடலாம். புறப்படும் நிலையம் எழும்பூரா தாம்பரமா என்பதைச் சீட்டில் ஒருமுறை சரிபாருங்கள். விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருச்சி. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர், பழைய பேருந்து நிலையத்திலிருந்து பேருந்துகள் உண்டு. தங்குவதற்குத் தஞ்சாவூரே வசதி. திருவையாற்றில் அறைகள் மிகக் குறைவு. பஞ்சமி அன்று காலை 9 மணியளவில் பஞ்சரத்னம், அதாவது தியாகராஜரின் ஐந்து கிருதிகளைச் சேர்ந்து பாடுவது, தொடங்கும். அன்று மட்டும் 6 மணிக்கே கிளம்பிவிடுங்கள். 7.30-க்கு மேல் ஊருக்குள் வண்டி நகராது, பந்தலில் இடமும் இருக்காது.

விழா சில நாள் நடக்கும், நுழைவுக் கட்டணம் இல்லை. பஞ்சமிக்கு முந்தைய நாள் மாலை போனால் காவிரிக் கரையில் தரையில் உட்கார்ந்து, ஆளுக்குச் சில நிமிடம் என்று வித்வான்கள் அடுத்தடுத்துப் பாடுவதை நெரிசல் இல்லாமல் கேட்கலாம். தரையில் விரிக்க ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சரத்னத்தில் நாமும் சேர்ந்து பாடலாமா?

பந்தலில் உட்கார்ந்தபடி தாராளமாகப் பாடலாம். சன்னிதி முன் நேர்வரிசை வித்வான்களுக்கு. ராக வரிசை மாறாது: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஐந்தும் ஆதி தாளம். முதலாவது சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. அதற்கு முன் பைரவி ராகத்தில் 'சேதுலாரா' என்ற தியாகராஜர் கிருதியைக் குழலில் வாசிப்பார்கள்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது மூன்று இடத்தில் கவனம் தேவை. ஒன்று, சுருதி. ஆண்களும் பெண்களும் ஒரே சுருதியில் பாடுவதால் யாராவது ஒரு பக்கத்துக்கு அது வசதியாக இருக்காது. உங்கள் வழக்கமான கட்டையில் மட்டும் பாடிப் பழகினால் அங்கே மேல்ஸ்தாயியில் தொண்டை அடைக்கும். இரண்டு மூன்று சுருதியில் பாடிப் பாருங்கள். இரண்டு, ஆரபி. ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்புவது 'சாதிஞ்செனே' என்ற பல்லவிக்கு அல்ல, 'சமயானிகி' என்ற அடிக்கு. கூட்டத்தில் பலர் இங்கேதான் பிரிவார்கள். மூன்று, வராளி. இந்த ராகத்தைக் குரு நேரடியாகக் கற்பித்தால் உறவு கெடும் என்ற பழைய நம்பிக்கையால் பலர் இதைப் பாடமாகக் கற்காமல் கேட்டே பழகியிருப்பார்கள். நான்காவது கிருதியில் பந்தலின் சத்தம் திடீரென்று குறைவது அதனால்தான்.

பாடி முடித்ததும், தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே இருக்கும் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளின் சமாதிக்கும் போங்கள். 1920-களில் தன் பொருளைக் கொண்டு தியாகராஜரின் சமாதிக் கோயிலை எழுப்பியவர். பெண்கள் பாட இடம் தராத காலத்தில் தனியாக ஒரு விழாவே நடத்தினார். பிரிந்து நடந்த விழாக்கள் 1940-ல் ஒன்றாயின.

இரவு ரயிலுக்கு என்ன கட்டிக்கொண்டு போவது?

புளியோதரையும் தயிர்சாதமும். புளியோதரைக்கு 1 டம்ளர் அரிசி, 2 டம்ளர் தண்ணீர், எலுமிச்சை அளவு புளி, நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி. சாதத்தை அகலத் தட்டில் பரப்பி, பாதி எண்ணெய் விட்டு முழுதாக ஆறிய பிறகே புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்து டப்பாவை மூடினால் மூடியில் ஆவி கோத்து, காலையில் நசநசவென்று இருக்கும்.

தயிர்சாதத்தில் தவறு வேறு மாதிரி. வீட்டில் சாப்பிடுவதுபோல் தயிரைப் பிசைந்து எடுத்துப் போனால் ஆறு மணி நேரத்தில் புளித்துக் கட்டியாகிவிடும். 1 டம்ளர் பச்சரிசியை 4 டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, சூட்டிலேயே மசித்து, வெதுவெதுப்பானதும் காய்ச்சி ஆறிய பால் 2 டம்ளர், தயிர் 2 தேக்கரண்டி மட்டும் சேருங்கள். வழியில் தானே உறையும். வெள்ளரி, வெங்காயம் வேண்டாம், நீர் விட்டுக் கெட்டுவிடும். இஞ்சி, பச்சைமிளகாய், பெருங்காயத் தாளிப்பு போதும்.

திருவையாற்று அசோகா அல்வாவை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும், பாசிப்பருப்புதான். அரை டம்ளர் பருப்பை வாசம் வர வறுத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவைத்து மசியுங்கள். கோதுமை மாவு 3 மேசைக்கரண்டியை நெய்யில் நிறம் மாறும்வரை வறுத்து, மசித்த பருப்பைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கிளறி, பிறகு 1 டம்ளர் சர்க்கரை, கேசரி நிறம் ஒரு சிட்டிகை. நெய் மொத்தம் அரை டம்ளர், கொஞ்சம் கொஞ்சமாக. ஓரத்தில் நெய் பிரிந்து, வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது ஏலக்காய், முந்திரி போட்டு இறக்குங்கள்.

பருப்பு முழுதாக மசியும் முன் சர்க்கரை போட்டால் அதன்பின் பருப்பு வேகாது, நெறுநெறுப்பு நிற்கும். மாவை வறுக்காமல் போட்டால் பச்சை வாசனை எத்தனை ஏலக்காயாலும் போகாது. ஆறினால் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர இருக்கும்போதே அடுப்பை அணையுங்கள்.

திருவையாற்றோடு திரும்பிவிடலாமா, பக்கத்தில் வேறென்ன பார்ப்பது?

திருவையாற்றிலேயே திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த இல்லம், ஐயாறப்பர் கோயில். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் திருவாரூர். கர்நாடக இசையின் மும்மூர்த்திகளான சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் மூவரும் பிறந்த ஊர். தஞ்சாவூரிலிருந்து நேர் ரயில் உண்டு. கமலாலயக் குளமும் தியாகராஜ சுவாமி கோயிலும் பெரியவை, நடை சாத்தும் பகல் வேளையில் போய்ச் சேராமல் காலை 8 மணிக்குள் போய்விடுங்கள். தீட்சிதரின் சமாதி இங்கே இல்லை, அது எட்டயபுரத்தில். அதை இந்தப் பயணத்தோடு சேர்க்க வேண்டாம், கோவில்பட்டி வழியாகத் தனியாகப் போக வேண்டிய ஊர்.